மருந்துத் துளியும் தாயின் இசைவும்



சித்தூரிலும் திருப்பதியிலும் வீட்டில் தமிழும் வீதியில் தெலுங்கும் பேசி வாழும் குடும்பங்கள் பல உண்டு. அக்குடும்பங்களின் குழந்தைகளுக்கு ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களில் அரசு சுகாதார நிலையத்தில் ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்து புகட்டப்படுகிறது. கடும் வயிற்றுப்போக்கினால் உடல் நீர் வற்றிக் குழந்தை மடியாதிருக்க உதவும் மருந்து அது. 2016-ஆம் ஆண்டு மத்திய அரசு இதனை முதலில் வழங்கிய நான்கு மாநிலங்களுள் ஆந்திரப் பிரதேசமும் ஒன்று. தமிழ்நாட்டிற்கு மறு ஆண்டே வந்தது.

ஆயினும், இதற்கான ஆராய்ச்சியில் ஒரு முக்கியப் பகுதி தமிழக எல்லைக்குள், வேலூரில் நடந்ததே. சித்தூரில் பஸ் ஏறினால் சுமார் ஒரு மணி நேரப் பயணம். 2002-இல் தொடங்கி, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியார், பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளையின் பொருளுதவியோடு, 452 குழந்தைகளைப் பிறந்தது முதல் கண்காணித்தனர். வாரம் இருமுறை வீடு தேடிச் சென்றனர். மூன்றாண்டு முழுவதும் நிலைத்தவர்கள் 373 பேர். இருமுறை தொற்று கண்ட குழந்தைக்குக் கடும் நோய் மீண்டும் வருவதில்லை என்று மெக்சிகோவில் முன்னரே கண்டிருந்தனர். வேலூரிலோ மும்முறை கண்ட பின்னும் பாதுகாப்பு 79 சதவீதமே! வெளிநாட்டு முடிவை அப்படியே நம் தெருவுக்குப் பொருத்த இயலாது என்பது தெளிவாயிற்று.

பின்னர், டில்லியில் பிறந்த சிசுக்களிடம் கண்டெடுத்த வைரஸ் வகையைக் கொண்டு, இந்திய அரசும் ஐதராபாத் நிறுவனமொன்றும் அமெரிக்க நிறுவனங்களும் கூடி மருந்தை உருவாக்கின. 2011-இல் தொடங்கிய சோதனையில் டில்லி, புனே, வேலூர் மூன்றிடங்களிலும் 6,799 குழந்தைகள் சேர்ந்தனர். மூவரில் இருவருக்கு மருந்து. ஒருவருக்கு மருந்தில்லாத் துளிகள். மருந்துண்ட குழந்தைகளிடையே முதலாண்டில் கடும் ரோட்டா நோய் பாதிக்கு மேல் குறைந்தது.

அந்த மருந்தில்லாத் துளிகளை ஒரு தாய்க்கு எவ்வாறு விளக்குவது? மத்திய அரசின் மொழிபெயர்ப்புப் பணியில் உள்ள எமக்கு இவ்வினாவே பெரிதாகப் படுகிறது. ‘மருந்துப்போலி’ என்பது கலைச்சொல். அதையே ‘போலி மருந்து’ என்று திருப்பிப் போட்டால், கலப்பட மருந்து என்று தாய் அஞ்சி எழுந்துவிடுவாள். ‘இதில் மருந்து இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது, வேண்டாமென்றால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம்’ என்று சொல்வதற்கு அகராதி வேண்டியதில்லை. பல கோடி செலவிட்டுப் பல நாடுகள் கூடிச் செய்யும் ஆய்வும், இவ்வாக்கியம் அவளுக்கு விளங்காத இடத்தில் நேர்மை இழக்கிறது என்பது எமது துணிபு.

வேலூர்க் கல்லூரிக்குச் சித்தூரிலும் ஒரு வளாகம் உண்டு. அப்பக்கத்துத் தமிழ்த் தாயிடம் தெலுங்குப் படிவத்தை மட்டும் நீட்டினால், அவள் தருவது கையெழுத்தேயன்றி இசைவு ஆகாது. மும்பையிலும் கொல்கத்தாவிலும் உள்ள நம்மவர்க்கும் இதே நிலைதான். பங்கேற்பவருக்குப் புரியும் மொழியிலேயே இசைவு பெற வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகள் கூறுகின்றன. எழுத்தறியாதவராயின் நடுநிலைச் சாட்சி ஒருவர் உடனிருத்தல் வேண்டும். ஆகவே, அத்தகைய படிவம் உங்கள் வீட்டுப் பெண்களிடம் வருமாயின், தமிழில் கேளுங்கள். ஒரு பிரதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.