ஹெச்டிஎல் 34: ஒரு கழித்தல் கணக்கு

போன மாசம் என் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்துச்சு. மொத்த கொலஸ்ட்ரால் 180. 200க்குக் கீழேதானேன்னு நிம்மதியா மூடப் போனேன். அடுத்த வரியில் ஹெச்டிஎல் 34ன்னு தடித்த எழுத்து.

மிஞ்சுற கொலஸ்ட்ராலைக் கல்லீரலுக்குத் திருப்பிக் கொண்டுபோகும் துகள்தான் ஹெச்டிஎல். அதனாலதான் ‘நல்ல கொலஸ்ட்ரால்’னு பேர். ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50க்குக் கீழே இருந்தால் குறைவு.

மாத்திரை போட்டு ஏத்திடலாமே? முயற்சி பண்ணிட்டாங்க. டார்செட்ராபிப் என்ற மருந்து ஹெச்டிஎல்லை நல்லாவே ஏத்துச்சு. ஆனா அதை எடுத்தவங்ககிட்ட இறப்பு கூடியதால 2006இல் ஆய்வையே நிறுத்தினாங்க. எண் ஏறினா இதயம் தப்பிச்சதுன்னு அர்த்தமில்லை.

டாக்டர் என்னை ஒரு கழித்தல் போடச் சொன்னார். 180இல் 34 போனால் 146. இதுக்குப் பேர் நான்-ஹெச்டிஎல். ரத்தக்குழாயில் படியக்கூடிய பங்கு. பொதுவா 130க்குள்ள இருக்கணும். நான் ‘நார்மல்’னு மூடப் போன ரிப்போர்ட் இது!

அப்புறம் அவர் கேட்டது மூணு: சிகரெட் உண்டா, தினமும் நடக்கிறீங்களா, ட்ரைகிளிசரைடு எவ்வளவு? முதல் ரெண்டுக்கும் பதில் சொல்லக் கூச்சமா இருந்துச்சு.

உங்க பழைய ரிப்போர்ட்டை எடுத்துக் கழிச்சுப் பாருங்க. வர்ற எண்ணோட உங்க டாக்டரைப் பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.