வாளியும் பிரஷும் இருந்தால் போதுமா?

(எமது சங்கத்தின் தொழில் வழிகாட்டல் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் பேச்சாளன் இல்லை. ஊரில் உயர்தரப் பரீட்சையோடு படிப்பை விட்டவன். இப்போது கரீனித் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். என்னுடைய அத்தான் வீடுகளுக்கு பெயின்ற் அடிக்கிற தொழில் செய்கிறார். பார்த்தீத்தா ஈவா அவருடைய பெயரில்தான் இருக்கிறது. வேலை முடிந்து வந்து ரெலிபோன் எடுப்பது, விலை எழுதுவது, வீட்டுக்காரரைத் தேடுவது எல்லாம் என்னுடைய பங்கு. "வீட்டுக்காரரை எப்படிப் பிடிக்கிறது என்று எங்கட பொடியளுக்கும் சொல்லன்" என்று சங்கத்தில் கேட்டபடியால் துணிந்து வந்து நிற்கிறேன்.

முதலில், இது ஏன் இப்போது தேவை? 2020, 2021ஆம் ஆண்டுகளில் கட்டடங்களின் வெளிச்சுவரைப் புதுப்பிக்க அரசாங்கம் செலவில் நூற்றுக்கு 90 வீதம் வரிக்கழிவு கொடுத்தது. 2022இல் அது 60 வீதமாகி, அந்த வருட முடிவோடு நின்று போனது. அந்தக் காலத்தில் பலெர்மோவில் எந்தத் தெருவில் பார்த்தாலும் சாரம்தான். எங்கட ஆட்கள் கனபேர் பெரிய கொம்பனிகளுக்கு நாட்கூலிக்குப் போனார்கள். சலுகை நின்றதும் கூலி வேலையும் குறைந்தது. கையில் தொழில் இருந்தது. ஆனால் தனக்கென்று கூப்பிட ஒரு வீட்டுக்காரர் இல்லை. அத்தானும் அப்படித்தான் இரண்டு மாதம் வீட்டில் இருந்தார்.

அப்போது எங்களுக்கு முதல் வீட்டை எடுத்துத் தந்தது அக்கா. அவ ஒரு சிஞ்ஞோரா வீட்டில் பதினொரு வருடமாகத் துப்பரவு வேலை செய்கிறா. அந்த வீட்டுச் சாவி அவவின் சாவிக்கொத்தில் இருக்கிறது. "என்ர மனுசன் அடிப்பார்" என்று அக்கா சொன்ன ஒரே சொல்லுக்காக அந்த அம்மா வேலையைத் தந்தா.

நாங்கள் என்ன செய்தோம்? வடக்குப் பக்க அறையில் பூஞ்சணம் பிடித்து மூலை கறுத்திருந்தது. கார்த்திகை மாதம், ஈரம் காயவில்லை. நான்தான் அவசரப்பட்டு, "மேலால இரண்டு பூச்சு அடிச்சால் மறைஞ்சிடும், கெதியாய் முடியுங்கோ" என்றேன். தை மாதம் அக்கா வேலைக்குப் போனபோது அந்தச் சுவர் பழையபடி கறுப்பு. சிஞ்ஞோரா ஏசவில்லை. ஒன்றும் பேசாமல் அக்காவைக் கூட்டிக்கொண்டு போய்ச் சுவரைக் காட்டினாவாம். அன்றிரவு அக்கா சாப்பிடவில்லை. "பதினொரு வருசத்தில ஒரு கரண்டிகூடக் காணாமல் போகேல்லை, நீங்கள் மூன்று நாளில என்ர பேரைக் கெடுத்துப் போட்டியள்" என்று அழுதா.

அந்தச் சொல்தான் எனக்கு வியாபாரம் படிப்பித்தது. 1980களில் இருந்து எங்கட ஆட்கள் இந்த ஊரில் வீட்டு வேலை, முதியோர் பராமரிப்பு என்று செய்து ஒரு பெயரை உண்டாக்கி வைத்திருக்கினம். கனக்க வீடுகளின் சாவி எங்கட தாய்மாரிடம் இருக்கிறது. பெரிய கொம்பனிக்குக் காசு கொடுத்தாலும் கிடைக்காத விளம்பரம் அது. ஆனால் அது எங்கட சொத்தில்லை. அவர்களிடம் கடனாய் வாங்கியது. கடனைத் திருப்பிக் கட்டுவது நாங்கள் செய்கிற வேலையால்தான்.

நாங்கள் திரும்பிப் போனோம். காசு வாங்கவில்லை. பூஞ்சணத்தை மருந்து போட்டுக் கழுவி, சுரண்டி, நன்றாய்க் காயவிட்டு, அதன் பிறகுதான் பூஞ்சணத்துக்கான பெயின்ற் அடித்தோம். அறைக் கதவு யன்னலை ஒவ்வொரு நாளும் திறந்து விடச் சொன்னோம். அடுத்த மாரியிலும் சுவர் வெள்ளையாய் இருந்தது. அதற்குப் பிறகு அதே கட்டடத்தில் மூன்று வீடுகள் கிடைத்தன.

இனி, நாங்கள் பட்டுத் தெளிந்த சில விசயங்களைச் சொல்லுகிறேன்.

ஒன்று, வாயால் விலை சொல்லாதீர்கள். அளந்து, பிரெவெந்தீவோ எழுதிக் கொடுங்கள். 4 மீற்றர் நீளம், 4 மீற்றர் அகலம், 3 மீற்றர் உயரமான அறை என்று வையுங்கள். நான்கு சுவரும் 48 சதுர மீற்றர், மேல்தட்டு 16, மொத்தம் 64. ஒரு லீற்றர் ஏறக்குறைய 10 சதுர மீற்றருக்குக் காணும் என்றால், இரண்டு பூச்சுக்கு 13 லீற்றரளவு வரும். ஒரு 14 லீற்றர் வாளி போதும். மூடுவதற்கு பொலித்தீன், வெடிப்பு அடைத்தல், எத்தனை பூச்சு, எத்தனை நாள், முடிவில் துப்பரவு, எல்லாவற்றையும் தனித்தனியாக எழுதுங்கள். எங்கட ஆளே 100 யூரோ குறைத்துக் கேட்டு உள்ளே வருவான். நீங்களும் 100 குறைத்தால் கடைசியில் ஒரு பூச்சை ஒளிக்க வேண்டிவரும். அந்தக் கடதாசியைக் காட்டி, "இவ்வளவும் இதுக்குள்ள இருக்கு" என்று சொல்லுங்கள்.

இரண்டு, கறுப்பில் வேலை செய்தால் நாங்கள் என்றைக்கும் கூலிக்காரர்தான். எட்டுப் பேருக்கு மேற்பட்ட உரிமையாளர் உள்ள கொந்தோமீனியோவுக்கு அம்மினிஸ்த்ராத்தோரே இருக்க வேண்டும் என்பது சட்டம். படிக்கட்டுக்கு அடிக்கக்கூட அவர் கமெரா தி கொம்மெர்ச்சியோவின் பதிவுப் பத்திரமும், துர்க் பத்திரமும் கேட்பார். எங்களிடம் துர்க் இல்லாத காலத்தில் ஒரு நல்ல வேலை கைநழுவிப் போனது. போர்பெத்தாரியோ முறையில் வருடத்துக்கு 85,000 யூரோ வரை சிறு தொழில் செய்யலாம். பத்தூராவில் ஈவா சேர்ப்பதில்லை; வீட்டுக்காரருக்கு அது இலாபம். ஆனால் பெயின்ற் வாங்கும்போது நீங்கள் கட்டுகிற ஈவா திரும்பி வராது, அதையும் விலையில் பாருங்கள். யாருக்கு எது பொருந்தும் என்பதைக் கொம்மெர்சியாலிஸ்தாவிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

மூன்று, வீட்டுக்காரர் எங்கே நிற்கிறாரோ அங்கே போய் நில்லுங்கள். எல்லாத் தபால்பெட்டியிலும் கடதாசி போட்டு நாங்கள் கண்ட பலன் குறைவு. கட்டடத்துப் போர்த்தியேரேயிடம் மரியாதையாகப் பேசி ஒரு கார்ட் கொடுங்கள்; யார் வீடு திருத்துகிறார் என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும். பெயின்ற் கடைக்காரரிடமும் கொடுங்கள். நிறம் பார்க்க வருகிற ஆட்கள் "அடிக்க ஆள் தெரியுமோ?" என்று அவரைத்தான் கேட்பார்கள். கார்டில் உள்ள இத்தாலிய எழுத்தை இங்கே படிக்கிற எங்கட பிள்ளைகளைக் கொண்டு திருத்துங்கள். அடிக்க முன்னும் பின்னும் படம் எடுங்கள், ஆனால் வீட்டுக்காரர் சம்மதித்தால் மட்டும் வட்ஸ்அப்பில் போடுங்கள்.

நான்கு, காலம் பாருங்கள். ஆவணியில் ஆட்கள் கடற்கரைப் பக்கம் போக வீடு வெறுமையாய் இருக்கும். சாவி தந்துவிட்டுப் போவார்கள். புரட்டாதிக்கு முன் மாணவருக்கு வாடகைக்கு விடுகிறவர்கள் தேடுவார்கள். முதல் மழை விழ, பூஞ்சணம் வெளிக்கிடும். 2015இல் இங்கத்தைய அரபு-நோர்மன் கட்டடங்கள் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகு பழைய நகரத்தில் தங்குமிட வீடுகள் கூடிவிட்டன. அவர்களுக்கு மாரிகாலத்தில்தான் ஓய்வு. அந்தப் பழைய சுவர்களுக்குச் சுண்ணாம்புப் பூச்சுத்தான் நல்லது, சுவர் மூச்சு விடும். ஊரில் பொங்கலுக்கு வெள்ளை அடித்த கைக்கு இது புதிதா?

"இந்த ஊரில நேர்மையைப் பார்த்து ஆர் வேலை தருவினம்?" என்று ஒரு தம்பி கேட்டார். 2004ஆம் ஆண்டு யூன் மாதம் சில இளைஞர்கள் கப்பத்துக்கு எதிராக இதே பலெர்மோவின் சுவர்களில் ஒட்டுத்தாள் ஒட்டினார்கள். பின்னர் அது அத்தியோபீட்சோ என்ற இயக்கமாகி, கப்பம் கொடாத கடைகளின் பட்டியலை வெளியிட்டது. சனங்கள் அந்தப் பட்டியலைப் பார்த்துத் தேடிப் போய்ச் சாமான் வாங்கினார்கள். நல்ல பெயருக்கு இங்கேயும் விலை இருக்கிறது, தம்பி.

கடைசியாக ஒன்று. வேலை முடிந்து வெளிக்கிடும்போது நிலத்தை நீங்களே துடைத்துவிட்டு வாருங்கள். அங்கே அடுத்த நாள் துடைக்கப் போவது பெரும்பாலும் எங்கட ஒரு அக்காதான். ஒரு மாதம் கழித்து ரெலிபோன் எடுத்து, "சுவர் எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியால் எங்களுக்கு வந்த வேலை கனக்க.

வருசப்பிறப்பன்று கைவிசேஷம் வாங்கும்போது நல்ல கையாகப் பார்த்துத்தானே வாங்குகிறோம். வீட்டுக்காரரும் சாவியைக் கொடுக்க நல்ல கையைத்தான் தேடுகிறார். அந்தக் கை எங்கட கையாய் இருக்கட்டும். அக்கா இப்போதும் அதே வீட்டில்தான் வேலை செய்கிறா. நாங்கள் அடித்த சுவரைத் தூசு தட்டும்போது தலை நிமிர்ந்து நிற்கிறாவாம்; அவவே சொன்னா.