முடி போனது, முறை போகவில்லை

அதிகாரம் இல்லாவிட்டாலும் மன்னர் என்று ஒருவர் இருந்தால்தான் நாடு சிதறாது என்பவர்கள் இன்றும் உண்டு. அதை எடுத்த எடுப்பில் தள்ளிவிட முடியாது. மலேசியாவில் ஒன்பது ஆட்சியாளர்கள் ஐந்தாண்டுக்கு ஒருவராக முறைவைத்துப் பேரரசர் ஆகிறார்கள். 2022 நவம்பர் 19-ஆம் தேதித் தேர்தலில் எந்த அணிக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. பேரரசர் கட்சித் தலைவர்களிடம் பேசினார், மற்ற ஆட்சியாளர்களைக் கலந்தார், 24-ஆம் தேதி அன்வார் இப்ராகிமைப் பிரதமராக்கினார். கட்சிகளுக்கு மேலே ஒரு பீடம் இருந்ததன் பலன் அது. ஆனால் பலன் பீடத்தால் வந்ததா, பிறப்பால் வந்ததா? நேபாளத்தில் மன்னர் ஞானேந்திரா 2005-இல் ஆட்சியைத் தன் கையில் எடுத்தார்; 2008-இல் முடியாட்சியே ஒழிந்தது. அரச ரத்தம் அப்படியேதான் இருந்தது. ஒதுங்கி நிற்கும் முறைதான் கெட்டது.

தலைமுறை தாண்டி நிலைப்பதற்காவது மன்னர் வேண்டாமா என்று கேட்கலாம். நம் பெரியாற்று அணைக் குத்தகையைப் பாருங்கள். 1886 அக்டோபர் 29-இல், ஏக்கருக்கு 5 ரூபாய் வாடகையில், 999 ஆண்டுகளுக்குத் திருவிதாங்கூர் சமஸ்தானம் எழுதிக் கொடுத்தது. இன்று அந்தச் சமஸ்தானமும் இல்லை, எழுதி வாங்கிய வெள்ளைக்கார அரசும் இல்லை. 1970-இல் இரண்டு மாநில அரசுகள் வாடகையை 30 ரூபாயாக உயர்த்தித் தொடர்ந்தன. 2014-இல் உச்ச நீதிமன்றமும் குத்தகை செல்லும் என்றது. கம்பம் பள்ளத்தாக்கு வயல்களுக்கு இன்றும் தண்ணீர் பாய்கிறது. மன்னர் போன பிறகும் அதைக் காத்தது சட்டம்.

பீடம் வேறு, பிறப்பு வேறு என்பதை அறிந்துதான் நம் அரசியலமைப்பு பீடத்தை வைத்துக்கொண்டு பரம்பரையை விலக்கியது. இங்கிலாந்து மன்னருக்கு உள்ள இடமே நம் குடியரசுத் தலைவருக்கும், அவர் நாட்டின் அடையாளம், ஆள்பவர் அல்லர் என்று 1948-இல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் விளக்கினார். ஆளுங்கட்சி நிறுத்துகிறவர்தானே ஜெயிக்கிறார், அவர் எப்படிப் பொதுவானவர் என்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் அவருக்கு ஐந்தாண்டுக் கெடு உண்டு. அரசியலமைப்பை மீறினால் நாடாளுமன்றம் பதவி நீக்கலாம். அவரைத் தேர்ந்தெடுப்பதில் நம் ஆண்டிபட்டி எம்.எல்.ஏ. ஓட்டுக்கும் மதிப்பு 176. எந்த அரண்மனை வாரிசுக்கு நம்மிடம் ஓட்டுக் கேட்டார்கள்?

நம் வருசநாடு கண்டமனூர் ஜமீன் ஆண்ட பூமி. பிறப்பால் வந்த அதிகாரம் எப்படியிருக்கும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நாட்டுக்குப் பொதுவான ஓர் அடையாளம் வேண்டும். அந்த இடத்தில் அமர்கிறவர் யார் என்பதை நாம் அனுப்பிய பிரதிநிதிகள் முடிவு செய்ய வேண்டும். அந்தப் பீடத்தைக் கட்சிக் கண்ணோடு பார்க்காதீர்கள். அதில் அமர்ந்தவர் கட்சிக்காரராக நடந்தால் கேள்வி கேட்கவும் தயங்காதீர்கள்.