கசாயமும் சாட்சியமும்
(நல்லதண்ணியில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் நல்லதண்ணியில் இருமல் கேளாத லயம் இல்லை. டிசம்பர் முதல் மே வரையோ, சிவனொளிபாதமலைக்கு ஏறும் யாத்திரிகர் நாட்டின் நாலா திசைகளிலிருந்தும் இவ்வழியே வருகின்றனர். அவர்களோடு இன்புளுவென்சாவும் வரக்கூடும். நெருங்கிய லயங்களிலே ஒருவர் படுத்தால் அடுத்தடுத்த காம்பராக்களும் படுக்கின்றன. 1918ஆம் ஆண்டு உலகைச் சூறையாடிய இன்புளுவென்சாவுக்குத் தேயிலைத் தோட்டங்களும் தப்பவில்லை.

காய்ச்சல் வந்ததும் நம் அடுப்பில் கொத்தமல்லியும் இஞ்சியும் கொதிக்கின்றன. அது தவறன்று. வெந்நீர் தொண்டைக்கு இதமளிக்கும். உடலின் நீர் வற்றாது காக்கும். ஆனால் நோய்க் கிருமியை அது கொல்லுமா என்பது வேறு வழக்கு.

நான் வைத்தியன் அல்லன். சாட்சியத்தை எடைபோடுவதே என் தொழில். “குடித்தேன், குணமானேன்” என்ற சாட்சியம் குறுக்கு விசாரணையில் நிற்குமா? இன்புளுவென்சா பெரும்பாலோர்க்கு ஒரு வாரத்தில் தானாகவே தணிகிறது. அப்படியாயின் குணமாக்கியது கசாயமா, காலமா? ஒத்த நோயாளரை இரு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியினர்க்கு மட்டும் மருந்தைக் கொடுத்து ஒப்பிட்டாலன்றி உண்மை புலப்படாது.

நிலவேம்பின் கசப்புப் பொருள் ஆய்வுகூடத்திலே சில வைரசுகளின் பெருக்கத்தைத் தடுத்திருக்கிறது. குடுவையில் பெற்ற வெற்றி மனித உடலுக்கும் பொருந்தும் என்று முடிவுகட்டலாகாது. அன்னாசிப்பூவிலிருந்து எடுக்கும் சிகிமிக் அமிலத்தைக் கொண்டே ஒசெல்டமிவிர் என்னும் இன்புளுவென்சா மருந்து செய்யப்பட்டது. மூலிகையை இகழ்வோர் இதனை அறிக! எனினும் பல இரசாயன மாற்றங்களின் பின்னரே அது மருந்தாயிற்று. அன்னாசிப்பூத் தேநீர் அம்மருந்தாகாது.

2020 டிசம்பரில் கேகாலையில் ஒரு பாணிக்காக ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்தனர். கொவிட்டைத் தடுக்கும் என்று சொல்லப்பட்ட அந்தப் பாணியை அன்றைய சுகாதார அமைச்சரே பகிரங்கமாக அருந்தினார். 2021 ஜனவரியில் அவருக்கும் தொற்று உறுதியாயிற்று. பரிகாசத்துக்காக இதைச் சொல்லவில்லை. சான்று கேளாத ஆட்சி மக்களை எங்கே நிறுத்தும் என்பதற்காகவே சொல்கிறேன்.

தோழர்களே! குற்றக் கூண்டில் ஏற வேண்டியது கசாயம் அன்று. காய்ச்சலோடு கொழுந்துக் கூடையைத் தூக்கும் தாயைக் கேளுங்கள். பேர் போடாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை என்பாள். வைத்தியரைக் காணப் போனால் ஒரு நாள் போய்விடும். ஆகவே கசாயத்தோடு நிற்கிறாள். தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்கெனக் கட்டளைச் சட்டம் 1912ஆம் ஆண்டிலேயே இருந்தது! நூறாண்டு கடந்தும் வைத்தியரை அடைவது நமக்கு ஒரு பிரயாணமாக இருப்பது நியாயமா?

ஆகவே கசாயம் குடியுங்கள், அதனோடு நின்றுவிடாதீர்கள். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, மயக்கம் கண்டால் அக்கணமே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். கர்ப்பிணிகள், குழந்தைகள், முதியோர், ஆஸ்துமா, நீரிழிவு, இருதய நோய் உள்ளோர் காத்திருக்கலாகாது. கிருமியை எதிர்க்கும் மருந்து முதல் 48 மணித்தியாலங்களுக்குள் தொடங்கினாலே நன்கு பயனளிக்கும்.

நோயுற்ற நாளுக்குச் சம்பளம், தோட்டத்துக்கு எட்டும் தூரத்தில் வைத்தியர், ஆபத்துக்குரியோர்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி: இம்மூன்றையும் சலுகையாக அன்று, உரிமையாகக் கேட்போம்.