பெயரன் கடன்

(கம்பத்தில் தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



வைகையாற்றங்கரையில், ஆண்டிபட்டி வட்டத்தில், புலிமான்கோம்பை என்றோர் ஊர் உளது. 2006ஆம் ஆண்டு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் அவ்வூரில் மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தனர். அவற்றில் உருவம் எதுவும் செதுக்கப்படவில்லை. எழுத்து மட்டுமே உண்டு. எழுத்து தமிழி, மொழி தமிழ். ஈராயிரம் ஆண்டிற்கும் மேற்பட்ட பழமையுடையன அவை. இந்திய நிலப்பரப்பில் கிடைத்த எழுத்துடை நடுகற்களுள் இவையே மிகப் பழையன என்பது அறிஞர் கருத்து.

அம்மூன்றனுள் ஒன்று, கூடலூர் ஆகோளில் மாண்ட, பேடு என்னும் ஊரைச் சார்ந்த தீயன் அந்தவன் என்பானுக்கு எடுத்த கல். ஆகோள் என்பது ஆநிரை கவர்தல். தொல்காப்பியர் வெட்சித்திணையில் வைத்துக் கூறும் துறை. மற்றொரு கல் வேளூர்ப் பதவன் அவ்வன் என்பானது. கூடலூர் என்னும் பெயருடைய ஊர் கம்பத்திற்கும் குமுளிக்கும் இடையில் இன்றும் இருக்கிறது.

தீயன் அந்தவனை அரசனென்றோ வேளென்றோ அக்கல் கூறவில்லை. அவன் ஊர், அவன் பெயர், அவன் பட்ட நிகழ்ச்சி, அது நிகழ்ந்த இடம் ஆகிய நான்கு செய்திகளே அதில் உள்ளன. அந்நான்கு செய்திகளால் அவன் ஈராயிரம் ஆண்டு வாழ்கிறான்.

இனி, இவ்வவையில் உள்ளார் ஒவ்வொருவரும் தம் நெஞ்சைத் தாமே வினவுக. தந்தை பெயர் தெரியும். பாட்டன் பெயரும் தெரியும். பூட்டன் பெயரைக் கேட்டால் பாதிப்பேர் விழிப்பர். ஓட்டன் பெயரைக் கேட்டால் அவை முழுதும் வாய் மூடும். பாட்டியின் தாய் பெயரைக் கேட்டால் விடை கூறுவார் ஒருவரேனும் இருப்பாரா? கல் ஈராயிரம் ஆண்டு காத்த பெயரை வீடு நூறாண்டு காக்கவில்லை. இக்குறையைப் பற்றியதே இவ்வுரை.

பெயரைத் தாங்கியவன்

'பேரன்' என்று நாள்தோறும் வழங்குகிறோம். அச்சொல்லின் முந்தை வடிவம் பெயரன் என்பது. பாட்டன் பெயரைத் தாங்கியவன் ஆதலின் பெயரன். பாட்டி பெயரைத் தாங்கியவள் பெயர்த்தி. முன்னோரை மறவாமை என்னும் கடமையை உறவுப் பெயருக்குள்ளேயே வைத்துச் சென்றனர் தமிழர். எந்தை என்றால் என் தந்தை. நுந்தை என்றால் நின் தந்தை. தந்தை என்றால் தன் தந்தை. யாய், ஞாய், தாய் என்பனவும் அவ்வாறே. யார்க்கு யார் என்னும் தொடர்பை இத்துணை நுட்பமாகப் பிரித்து வைத்த மொழியாளர் தம் கால்வழியை மறத்தல் தகுமோ?

பெயரிடும் இவ்வழக்கம் முன்னோரைத் தேடுவார்க்கு நல்ல வழிகாட்டி. ஒரு குடும்பத்தில் ஒன்றுவிட்ட தலைமுறைதோறும் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும். மூத்த பெயரனின் பெயர் தெரிந்தால், அதுவே அவன் பாட்டனின் பெயராதல் கூடும். ஆயின் அதுவே இடரும் ஆகும். ஒரே ஊரில், ஒரே காலத்தில், ஒரே பெயருடைய பெரியப்பன் மகனும் சிற்றப்பன் மகனும் இருப்பர். அவர்களைப் பிரித்தறியவே ஊரார் பட்டப்பெயர் வைத்தனர். பட்டப்பெயரைப் பழிப்பென்று கருதி மறைத்துவிட்டால் ஆளும் மறைந்துபோவான். ஆகவே அதனையும் எழுதி வைத்தல் வேண்டும்.

இன்றோ, எண்கணியம் கூறும் எழுத்துக்காகப் பொருளறியாப் பெயர்களைப் பிள்ளைகட்கு இடுகின்றனர். தந்தையின் பெயர் ஓரெழுத்தாகச் சுருங்கிற்று. அவ்வோரெழுத்தும் ஆங்கில எழுத்தாயிற்று. நூறாண்டு கழித்துத் தேடவரும் பெயரன் கையில் அவ்வோரெழுத்துத்தான் எஞ்சும்.

பாட்டன் பெயர் இல்லாதார் பட்ட பாடு

'பழம்பெயர் தெரிந்து ஆவதென்ன?' என வினவுவார் உளர். அவர்க்கு வரலாறு விடை கூறும்.

சென்னை மாகாணத்துத் தென்மாவட்டங்களிலிருந்து கங்காணிமார் வழியாக இலங்கைத் தேயிலைத் தோட்டங்கட்குச் சென்ற தமிழர் பல இலக்கத்தார். 1948ஆம் ஆண்டு இலங்கை அரசு ஒரு குடியுரிமைச் சட்டம் இயற்றியது. அந்நாட்டில் பிறந்திருத்தல் மட்டும் போதாது; தந்தை அந்நாட்டில் பிறந்தவர் என்றோ, பாட்டனும் பூட்டனும் அந்நாட்டில் பிறந்தவர் என்றோ மெய்ப்பித்தல் வேண்டும் என்றது அச்சட்டம். 'லயம்' என்னும் வரிசைக் குடிலில் வாழ்ந்த தொழிலாளி பூட்டன் பிறந்ததற்குச் சான்றோலைக்கு எங்கே போவான்? இலக்கக்கணக்கான தமிழர் ஒருநாளில் நாடற்றோர் ஆயினர். 1964ஆம் ஆண்டு அக்தோபர் 30ஆம் நாள் இரு நாட்டுத் தலைமை அமைச்சரும் செய்துகொண்ட உடன்பாடு 9,75,000 பேரை ஆடுமாடு பங்கிடுவதுபோற் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவிற்கு என்றும், 3,00,000 பேர் இலங்கைக்கு என்றும், எஞ்சியோர் பின்னர் என்றும் எழுதினர். கால்வழிச் சான்று இல்லாமை ஓரினத்தின் ஒரு பகுதியையே ஏதிலியாக்கிற்று.

வேறொரு கதையும் உண்டு. பெயரை நாம் எழுதாவிடில் பிறர் எழுதுவர். அவர் விரும்பியவாறு எழுதுவர். 1911ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் ஆங்கில ஆட்சி முழுக்குடிகளையே பிறவிக் குற்றவாளிகள் என்று பதிந்தது. கைவரி பதிந்து, இரவில் காவல் நிலையத்திற்கு வருமாறு வருத்தியது. ஆண்டிபட்டிக் கணவாய்க்குக் கிழக்கே, உசிலம்பட்டிப் பகுதியில் உள்ள பெருங்காமநல்லூரில் அதனை எதிர்த்தோர் 1920ஆம் ஆண்டு ஏப்பிரல் 3ஆம் நாள் சுடப்பட்டு மாண்டனர். மாயக்காள் என்னும் வீரப்பெண்ணும் அவருள் ஒருவர். 1947இல் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீக்கப்பட்டது. பாட்டனைத் தேடி அக்காலத்து ஆவணங்களைப் புரட்டும் பெயரன், உழவனாகவும் தந்தையாகவும் வாழ்ந்தவனை அங்குக் குற்றவாளியாகக் காண்பான். உழவன் என்றும் தந்தை என்றும் எழுதிய ஏடு வீட்டில் இல்லையேல், குற்றவாளி என்று எழுதிய ஏடே அவன் வரலாறாகிவிடும்.

அணையைக் கட்டியவர்

கம்பம் பள்ளத்தாக்கின் வாழ்வே முல்லைப் பெரியாற்று அணை. 1887இல் தொடங்கிய பணி 1895இல் முடிந்தது. அதனைக் கட்டிய பொறியாளர் பென்னிகுயிக்கு 1841ஆம் ஆண்டு சனவரி 15ஆம் நாள் புனேயில் பிறந்தார் என்பதும், அவர் தந்தை 1849இல் போர்க்களத்தில் மாண்டார் என்பதும், அவர் 1911இல் இங்கிலாந்தில் மறைந்தார் என்பதும் யாவர்க்கும் தெரியும். கூடலூரை அடுத்த கீழ்முகாமில் 2013இல் அவர்க்கு நினைவகம் எழுந்தது. தேனிப் பேருந்து நிலையம் அவர் பெயர் தாங்கி நிற்கிறது. பாலார்பட்டியில் அவர்க்குப் பொங்கல் வைப்பர். இப்பள்ளத்தாக்கில் பிள்ளைகட்கு அவர் பெயரை இட்டோரும் உளர். நன்றி மறவாமை தமிழர் பண்பு. அதனை யாரும் குறை கூறார்.

ஆயின் ஒன்று கேட்டல் வேண்டும். அக்காட்டில் கல்லுடைத்தவர் யார்? சுண்ணாம்புச் சாந்து குழைத்தவர் யார்? பெருமழையிலும் வெள்ளத்திலும் நின்று சுமந்தவர் யார்? மலைக்காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் மாண்டு அம்மலையிலேயே புதைக்கப்பட்டோர் யார்? ஆநிரைப் பூசலில் ஒருவன் மாண்டால் கல் நட்டுப் பெயர் எழுதிய மண் இது. ஐந்து மாவட்டத்து வயல்களுக்கு நீர் தர மாண்டோர்க்கு வீடுகளில் ஒரு வரிக் குறிப்புமா இல்லை? 'எம் பூட்டன் அணைவேலைக்குப் போனார், திரும்பவில்லை' என்று கூறும் கிழவி எவ்வூரிலேனும் இருப்பின், அவர் வாயிலிருந்து அப்பெயரை இன்றே எழுதிக்கொள்ளல் வேண்டும். அவர் கண் மூடினால் அப்பூட்டன் இரண்டாம் முறை இறப்பான்.

தேடும் வழி

தேடுவார் முதலில் வீட்டிலிருந்தே தொடங்குக. திருமணத்தில் மொய் எழுதிய சுவடியை, ஊரார் 'மொய் நோட்டு' என்பதை, எவரும் வரலாற்று ஏடாகக் கருதுவதில்லை. உற்றார் யார், அவர் எவ்வூரார், யார் பெயரால் மொய் செய்தார் என்பன அனைத்தும் அதில் உள. ஐம்பதாண்டிற்கு முற்பட்ட மொய்ச்சுவடி ஒன்று கிடைத்தால் அக்குடும்பத்தின் உறவு வட்டம் முழுதும் கிடைத்ததாம். அதற்கடுத்தது ஊர்த் திருவிழாவின் தலைக்கட்டு வரிப் பட்டியல். மாசித் திங்களில் சிவனிரவன்று குடித்தெய்வக் கோயிலில் கூடும் பங்காளிகள் பல ஊரினின்றும் வருவர். அவர்களைக் கண்டு, 'உம் பாட்டன் யார்? எம் பாட்டன் யார்?' என்று ஒப்பிட்டால் அறுந்த கொடி ஒட்டும்.

பின்னர் ஆவணங்கள். நிலம் விற்ற பத்திரம் ஒவ்வொன்றும் இன்ன ஊர் இன்னார் மகன் இன்னார் என்றே தொடங்கும். ஒரு தாளில் இரு தலைமுறை கிடைக்கும். சென்னை மாகாணத்தில் பிறப்பு இறப்புப் பதிவிற்கு 1899ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது. பழைய பிறப்புப் பதிவுகளில் மகவின் பெயர் பெரும்பாலும் இராது, பெயரிடுமுன்னரே பதிந்துவிடுவர். ஆகவே தந்தை பெயரையும் நாளையும் கொண்டே தேடல் வேண்டும். 1980இல் ஊர்க் கணக்கர் பதவி ஒழிந்தபோது கைம்மாறிய ஏடுகளையும் கேட்டறிதல் நன்று. தேனி மாவட்டம் 1996இல்தான் மதுரையினின்று பிரிந்தது; அதற்கு முற்பட்டவை மதுரை மாவட்டப் பெயராலேயே இருக்கும். கம்பத்தைக் 'கும்பும்' என்று எழுதிய ஆங்கிலவன் ஆள்களின் பெயரை எவ்வாறெல்லாம் எழுதியிருப்பான் என்பதையும் நினைவிற் கொள்க.

மலையேறிய உறவினரைத் தேடுவார்க்கு இன்னொரு தொல்லை உண்டு. போடி மெட்டு, கம்பம் மெட்டு, குமுளி ஆகிய வழிகளில் ஏலத்தோட்டங்கட்கும் தேயிலைத் தோட்டங்கட்கும் சென்றோர் பலர் அங்கேயே குடியமர்ந்தனர். 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் வைக்கப்பட்டன. அண்ணன் மகன் பிறப்பு தமிழிலும், மலைமேல் வாழும் தம்பி மகன் பிறப்பு மலையாளத்திலும் பதிவாயின. இரண்டு தலைமுறையில் உறவு பெயரளவாய்த் தேய்ந்தது. எல்லைக்கோடு வரைபடத்தில் விழுந்தது. குடும்பத்திலும் விழ விடலாமா?

எல்லாவற்றினும் மேலான ஏடு பெண்களின் நெஞ்சு. இழவு வீட்டில் ஒப்பாரி வைக்கும் மூதாட்டி, பிறந்த வீட்டையும் புகுந்த வீட்டையும் பெயர் சுட்டி அழுவார். யார் கோடி போடல் வேண்டும், யார் தாய்மாமன் சீர் செய்தல் வேண்டும் என்பதை அவர் பிறழாது கூறுவார். ஆயின் அவர்தம் பெயரோ ஆவணத்தில் 'இன்னார் மனைவி' என்ற அளவில் நின்றுவிடும். ஒவ்வொருவர்க்கும் முன்னோருள் பாதிப்பேர் பெண்டிர். அவர் பெயரை விடுத்து எழுதும் கால்வழி அரைக் கால்வழியே.

ஓர் எச்சரிக்கை

கால்வழி ஆய்தல் சாதிப்பெருமை ஆய்தல் ஆகிவிடக் கூடாது. ஒருவர்க்குப் பெற்றோர் இருவர்; பாட்டன் பாட்டியர் நால்வர்; அவர்தம் பெற்றோர் எண்மர். இவ்வாறே இரட்டித்துச் சென்றால் பத்தாம் தலைமுறையில் 1,024 பேர். இருபதாம் தலைமுறையில் 10,48,576 பேர். அத்துணைப் பேரும் ஒரே தெருவில், ஒரே குலத்தில் இருந்தனர் என்பான் கணக்கறியாதவன். பின்னோக்கிச் செல்லச் செல்ல ஆயிரம் கிளைகளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். முன்னோரை உண்மையாகத் தேடுவான், தான் தாழ்வென்று ஒதுக்கியவனிடமே தன் உறவைக் காண்பான். அரசனைப் பாட்டனாக்கிப் பொய்க்கொடி வரைவோர் தம் உண்மைப் பாட்டனாகிய உழவனைக் கொல்கின்றனர்.

உடன்பிறப்புகளே! செய்யவேண்டிய பணி சிறிது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சுவடி வைத்து, அறிந்த முன்னோர் ஒவ்வொருவர்க்கும் அதில் ஒரு வரி எழுதுக. ஆணாயினும் பெண்ணாயினும் பெயர், ஊர், செய்த தொழில், மறைந்த இடம் ஆகிய நான்கும் போதும். புலிமான்கோம்பைக் கல் கற்பிக்கும் அளவு அதுவே. பிள்ளைக்குப் பெயரிடும் நாளில் அச்சுவடியைத் திறந்து, பாட்டனின் நல்ல தமிழ்ப் பெயரொன்றை எடுத்து இடுக. வரும் விடுமுறையில் மாணவர் ஒவ்வொருவரும் தம் பாட்டியின் அருகமர்ந்து, அவர் தாயின் பெயர் என்னவென்று கேட்டு எழுதுக.

தீயன் அந்தவனுக்குக் கல் நட்டவர் இன்னார் என்று அக்கல்லில் இல்லை. நட்டவர் தம் பெயரை எழுதவில்லை. மாண்டவன் பெயரையே எழுதினர். அதுவே பெயரன் கடன்.

வெல்க தமிழ்!