அடுத்து என்ன என்று தெரிந்தால் போதும்



ஆட்டிசம் என்றவுடன் நமக்கு ஒரு குழந்தையின் முகம்தான் நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவில் லியோ கானர் என்ற மருத்துவர் 1943இல் 11 குழந்தைகளைக் குறித்து எழுதிய கட்டுரைக்குப் பின்பே இந்தப் பெயர் பரவலாயிற்று. அவர்களில் முதலாவதாக விவரிக்கப்பட்ட டொனால்ட் டிரிப்லெட் வளர்ந்து, வங்கியில் வேலை பார்த்து, 2023இல் தமது 89 வயதில் காலமானார். குழந்தைகள் வளர்ந்துவிடுகிறார்கள் அல்லவா? சிலர் மணமுடித்துத் தாய் தகப்பனும் ஆகிறார்கள். நமது நாட்டில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசம் இடம்பெற்றுள்ளது. ஆனாலும், பெரியவர்களுக்கும் இது இருக்கும் என்று எண்ணிப் பார்ப்பவர்கள் குறைவே.

பிள்ளையைப் பரிசோதனைக்கு அழைத்து வந்து, மருத்துவர் கேட்கும் கேள்விகளில் தங்களையே கண்டுகொள்ளும் பெற்றோர் உண்டு. அப்படிப்பட்ட ஒரு தகப்பனாரோடு பல நாள் பேசியிருக்கிறேன். கணக்கு வேலையில் கெட்டிக்காரர். மகனுக்குப் பின் அவருக்கும் ஆட்டிசம் என்று உறுதியாயிற்று.

"ஐயா, பெரிய கஷ்டம் வந்தாக்கூட சமாளிச்சிடுவேன். காலையில ஸ்கூல் வேன் பத்து நிமிஷம் லேட்டா வந்தா, அன்னைக்கு முழுக்க நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது" என்றார்.

மிக்ஸி, குக்கர் விசில், பிள்ளையின் அழுகை மூன்றும் ஒன்றுசேர்ந்தால் அவருக்குப் பேச்சே வராது. பிள்ளை அழும்போது தகப்பன் காதைப் பொத்திக்கொண்டு கொல்லைப்புறம் போனால் ஊர் என்ன சொல்லும்? கல்நெஞ்சன் என்றது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் இரவெல்லாம் விழித்திருப்பவர் அவர்தான்.

ஆட்டிசமும் பதற்றமும் ஒன்றல்ல. ஆனால் ஆட்டிசம் உள்ளவர்களிடம் பதற்ற நோய் மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்படுகிறது. பலருக்கு ஒலியும் வெளிச்சமும் அளவுக்கு மிஞ்சித் தாக்குகின்றன; அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாத நிலை தாங்க முடியாததாகிறது. நாள் முழுவதும் பிறரைப்போல் நடந்துகொள்ள எடுக்கும் பிரயாசம் வேறு. சிறு பிள்ளையுள்ள வீட்டிலோ எதுவும் சொன்ன நேரத்தில் நடப்பதில்லை!

சபையார் சிலர் இவரிடம், விசுவாசம் போதாததினால்தான் இந்தக் கவலை என்று புத்தி சொன்னார்களாம். நான் அதற்கு இணங்கமாட்டேன். காது வலிக்கிறவனுடைய விசுவாசத்தை நாம் அளந்து பார்ப்பதில்லையே. ஜெபிப்போம், மனநல மருத்துவர் மருந்து கொடுத்தால் அதையும் தவறாமல் சாப்பிடச் சொல்வோம். அவர் வீட்டைச் சந்திக்கப் போகிறவர்கள், எத்தனை மணிக்கு, எத்தனை பேர் என்று முந்தின நாளே தெரிவித்துவிடுங்கள். அவருக்கு அது பெரிய உபகாரம்.

அவருடைய மனைவி செய்தது இன்னும் எளியது. இரவிலேயே மறுநாள் காரியங்களை ஒரு தாளில் எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டுகிறார். வேன் வராவிட்டால் பிள்ளையை யார் கொண்டுபோய் விடுவது என்பதும் அதில் இருக்கும். மிக்ஸி போடுமுன் குரல் கொடுக்கிறார். சத்தம் மிஞ்சினால் இவர் பத்து நிமிடம் மொட்டை மாடிக்குப் போய் வருவார். வீட்டில் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. இந்த ஏற்பாடு மகனுக்கும் பிடித்துப்போயிற்று. தாளில் படம் போடுகிறவன் இப்போது அவன்தான். வேனுக்கு ஒரு மஞ்சள் பெட்டி, அப்பாவுக்கு ஒரு மாடிப்படி.