எழுபது பேர் காத்த வாக்கு

நடுவர் அவர்களே! தினக்கூலிக்குத் தேவை கருணையல்ல, உரிமையே என்று பேச வந்திருக்கிறேன். இந்தத் திருவாலங்காட்டுக்குப் பக்கத்திலேதான் பழையனூர். நம்பி வந்த வணிகனின் உயிருக்கு எழுபது வேளாளர்கள் பிணை நின்றார்கள். நீலி அவனைக் கொன்றதும், சொன்ன சொல்லுக்காக எழுபது பேரும் தீயில் இறங்கினார்கள் என்பது கதை.

எதிரணி நண்பர், "வேலை இருந்தா கூப்பிடுறோமே, போதாதா?" என்கிறார். ஐயா, பசி கூப்பிடாமலே வருதே! (கைதட்டல்)

24 மாதத்தில் 480 நாள் உழைத்தவர் நிரந்தரம் என்று 1981-லேயே தமிழ்நாடு சட்டம் செய்தது. 479-ஆம் நாள், "நாளைக்கு வராதே" என்றால், அது கணக்கா, கழுத்தறுப்பா?

எந்த நாள், எத்தனை மணி என்று முன்கூட்டியே சொல்லுங்கள். வரச்சொல்லித் திருப்பி அனுப்பினால் கூலியைக் கொடுங்கள். உங்களைத் தீயில் இறங்கச் சொல்லவில்லை. சொன்ன சொல்லில் நில்லுங்கள், போதும்! (பலத்த கைதட்டல்)